பாஸ் பேட்ச்

சீமைக்கத்திரிக்காய் நறுக்குகிறவர்களுக்குக் கைரேகை பார்க்க முடியாது. அந்தக் காயின் பால் பட்டுப் பட்டு உள்ளங்கைத் தோல் உரிந்து, ரேகை ஓடிய இடமெல்லாம் வழவழவென்று ஆகிவிடும். மைசூர் ஹெப்பாளில் நிர்மலா வேலை செய்கிற தொழிற்சாலைக் கேன்டீனில் வருகைக்கு விரல் வைக்கிற மிஷின் ஒன்று உண்டு. அது அவளுடைய கட்டைவிரலை ஒரு நாளும் முதல் தடவையில் ஒப்புக்கொண்டதில்லை. முந்தானையில் துடைத்து, ஊதி, கன்னத்தில் தேய்த்து மறுபடி வைப்பாள். பின்னால் வரிசையில் நிற்கிற ராணி, "நீ யாருன்னே அதுக்குத் தெரியல போ" என்று சிரிப்பாள். நிர்மலாவும் சிரிப்பாள். தை மாதத்துக் குளிரில் ஸ்வெட்டரும் தலைக்குக் கட்டிய மப்ளருமாக நிற்கிற பெண்களுக்கு அந்த நேரத்தில் சிரிக்க வேறு என்ன இருக்கிறது.

அன்றைக்கு மட்டும் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் மகள் சொன்ன வார்த்தை சோற்றில் கடிபட்ட கல் மாதிரி வாயிலேயே கிடந்தது.

முந்தின நாள் இருவரும் அவரைப்பருப்பு பிதுக்கிக்கொண்டிருந்தார்கள். மைசூரில் அந்த மாதம் எங்கே திரும்பினாலும் அவரைக்காய் வாசம்தான். ஊறவைத்த பருப்பைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் தோல் கையில் நின்று பருப்பு பாத்திரத்தில் குதிக்கும். மோகனப்ரியா அதில் கெட்டிக்காரி. பேசிக்கொண்டே ஒரு குண்டானை நிரப்பிவிடுவாள். அப்படிப் பேசிக்கொண்டே வந்தவள் நடுவில் சொன்னாள்.

"எங்க கிளாஸ் சைத்ரா பத்து முடிச்சுப்போட்டு டிப்ளமோ சேரப்போறாளாம்மா. சிவில்."

"நீயுந்தான அதுக்குப் போறேன்னு குதிச்சுக்கிட்டிருந்தெ?"

"அது அப்ப. அங்க போனா மொதல்லயே டிரிக்னாமெட்ரியாம். எனக்கு அது ஆகாதும்மா. டியூஷன் மிஸ்சே சொல்லிட்டாங்கல்ல."

"மிஸ் என்னன்னு சொன்னாங்க?"

"உனக்கு அது வேண்டாம்மா, நீ பயந்துருவேன்னாங்க. சும்னே சொல்லுவாங்களா? எத்தன பிள்ளைகளப் பாத்திருப்பாங்க. எனக்கு மூள கொஞ்சம் கம்மிதான். பர்வாகில்ல விடு. பாஸாயிட்டு கார்மென்ட்ஸ்ல சேந்துக்கறேன். ராணிக்கா பொண்ணு போறாள்ல, அவளோட போயிக்கறேன்."

அழுதுகொண்டு சொல்லியிருந்தால் நிர்மலா தாங்கியிருப்பாள். கோபித்துக்கொண்டு சொல்லியிருந்தால் இரண்டு அதட்டுப் போட்டிருப்பாள். அந்தப் பெண் அதைப் பருப்புப் பிதுக்குகிற வேகத்தில், யாரோ மூன்றாம் மனுசியைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அடுத்த பருப்பை எடுத்தாள். சில்லறை இல்லை என்று சொன்ன பஸ் கண்டக்டரை வீடு இருக்கிற மேட்டகள்ளியிலிருந்து அரண்மனை வரைக்கும் விடாமல் வாதாடி வழிக்குக் கொண்டுவந்த பெண் அது. அது இப்போது தனக்கு மூளை கம்மி என்பதை வாதாடாமல் ஒப்புக்கொண்டுவிட்டது.

அந்த வார்த்தை அன்னபூர்ணி மிஸ்ஸுடையது அல்ல. நிர்மலாவுடையது. அது இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும்.

விஷயம் என்னவென்றால், அன்னபூர்ணி மிஸ் விஜயநகரில் தன் வீட்டு மாடியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். அவருடைய அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூருக்கு வந்தவர். மிஸ் இங்கேயே பிறந்து வளர்ந்து, தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிற ஆள். அவரிடம் இரண்டு பேட்ச். காலையில் வருவது ஸ்கோர் பேட்ச். அவர்களுக்குப் புத்தகம் முழுவதும் உண்டு. சாயங்காலம் வருவது பாஸ் பேட்ச். அவர்களுக்குத் தேறுவதற்கு எது போதுமோ அது மட்டும். கிராஃப் போடு, வட்டத்துக்குத் தொடுகோடு வரை, இரண்டு தேற்றத்தை மனப்பாடம் பண்ணு, மற்றதைத் தொடாதே. பள்ளிக்கூடங்களிலேயே இப்படி ஒரு பாஸிங் பேக்கேஜ் நடக்கிற ஊரில் மிஸ்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தொடாமல் விடுகிறவற்றில் முதலில் நிற்பது டிரிக்னாமெட்ரி.

ஜூன் மாதம் மகளைச் சேர்க்கப் போனபோது மிஸ் நாலைந்து கணக்குக் கொடுத்துப் போடச் சொன்னார். பார்த்துவிட்டு, "பரவால்லியே, காலம்பற பேட்ச்சுல ஒக்காத்தி வைக்கலாம்" என்றார். மகள் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து நிர்மலா மிஸ்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாமுங்க மிஸ். சாயங்காலத்துல போடுங்க. பாஸானாப் போதுமுங்க. கஷ்டமானதயெல்லாம் காட்டிப்போடாதீங்க, பிள்ள பயந்துக்கும்" என்றாள். மிஸ் எவ்வளவோ சொன்னார். நிர்மலா கேட்கவில்லை. கடைசியில் ஒன்று சேர்த்துக்கொண்டாள். "அவ கேட்டா நீங்களே முடிவு பண்ணுனதாச் சொல்லிருங்க."

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. மூத்தவன் தருண்குமார் பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றான். ரிசல்ட் வந்த அன்று வீட்டை விட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. அவள் வீட்டுக்காரர் ரத்தினசாமி கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். அவரும் மற்ற டிரைவர்களும் பஸ் ஸ்டாண்டு, ரயிலடி எல்லாம் தேடிவிட்டு, கடைசியில் குக்கரஹள்ளி ஏரிக்கரையைச் சுற்றி வந்தார்கள். எதைத் தேடுகிறோம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நிர்மலா கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹனூரிலிருந்து வந்த உறவுக்காரர்கள் அவளைத் தூக்கி நிறுத்தி வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். அப்புறம் திருப்பூரிலிருந்து போன் வந்தது. பையன் பனியன் கம்பெனியில் இருக்கிறான், உசுரோடு இருக்கிறான். இன்றுவரைக்கும் அங்கேதான் இருக்கிறான். பொங்கலுக்கு வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

அந்த ஏரித் தண்ணீரைப் பார்த்த கண்ணுக்கு டிப்ளமோவும் தெரியாது, சிவிலும் தெரியாது. பெண் பிள்ளை எப்படியாவது அந்த ஒரு பரீட்சையைத் தாண்டி வீட்டுக்கு வந்தால் போதும் என்றுதான் தெரியும். ஆகவே நிர்மலா செய்ததைப் பாசம் என்றே வைத்துக்கொள்ளலாம். அவளும் ஜூன் மாதத்திலிருந்து அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்தோடு அது முடிந்து போயிற்று. தன் பயத்தை எடுத்துப் பெண்ணின் தலையில் வைத்துக் கட்டிவிட்டோம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கேன்டீனில் அன்றைக்குக் களி நாள். பெரிய அண்டாவில் ராகிக் களி கொதித்து இறங்கும். துடுப்பால் கிண்டிக் கல்மேல் கொட்டியதும், நாலு பெண்கள் சுற்றி நின்று கையைத் தண்ணீரில் நனைத்து நனைத்து உருண்டை பிடிக்க வேண்டும். சூட்டுக்குப் பயந்தால் உருண்டை வெடிக்கும், நேரம் கடத்தினால் களி இறுகும். நிர்மலாவின் கை அதில் பேர் போன கை. அன்று அவள் பிடித்த உருண்டைகள் ஒன்று பெரிது, ஒன்று சிறிதாக வந்தன.

"என்ன புள்ள, ஒண்ணு மாமனாருக்கு, ஒண்ணு மருமகனுக்கா?" என்றாள் ராணி.

"ராணிக்கா, நாம ஒருத்தருக்கு நல்லது செய்யறோம்னு நெனச்சுக் கெட்டது செஞ்சுபோட்டா என்ன பண்றது?"

"ஆருக்குச் செஞ்செ?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவ கண்ணு கலங்குமா? களிக்குள்ள உளுந்துரும், தொடை" என்றாள் ராணி. மேலே கேட்கவில்லை.

வேலை முடிந்ததும் நிர்மலா வீட்டுக்குப் போகாமல் விஜயநகர் பஸ் ஏறினாள். பிள்ளைகள் வருமுன் மிஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று படியேறும்போது ஓடாத குறை. மிஸ் மாடியில் பாயை விரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ நிர்மலா. என்ன இந்த நேரத்துல? மோகனப்ரியாவுக்கு ஒடம்புக்கு ஏதாவது?"

"இல்லீங்க மிஸ். நல்லாத்தான் இருக்குது." அவள் உட்காரவில்லை. "அந்த முக்கோணக் கணக்கு இருக்குதுங்களே, அதையும் பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்துருங்க மிஸ்."

மிஸ் பாயை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஜூன்ல நான் என்ன சொன்னேன்? கையப் புடிச்சிண்டு வேண்டவே வேண்டாம்னு நின்னீங்க, அல்வா, இல்லையா? இப்போ பரீட்சை வாசல்ல வந்து நிக்கறது."

"தப்புதானுங்க."

"உங்க தப்பு மட்டும்தான்னு சொன்னா நான் நல்லவளாயிடுவேன்." மிஸ் பெருமூச்சு விட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். "எனக்கும் சௌகரியமா இருந்தது நிர்மலா. காலம்பற ரூம்ல எடமே இல்ல. பெத்தவளே வேண்டாங்கறா, நமக்கென்னன்னு இருந்துட்டேன். அப்புறம் ஒரு நாள் அவளே வந்து கேட்டா. மிஸ், எனக்கும் அதச் சொல்லிக் குடுங்கோன்னு. உனக்கு வேண்டாம்மா, பயந்துடுவேன்னு உங்க வார்த்தைய அப்படியே அவகிட்டச் சொன்னேன். அந்த மூஞ்சி எப்படிப் போச்சு தெரியுமா? இங்கதான் நின்னுண்டிருந்தா."

நிர்மலா மிஸ் காட்டிய இடத்தைப் பார்த்தாள். வெறும் தரைதான். ஆனாலும் அங்கே காலை வைக்க அவளுக்குக் கூசிற்று.

"இன்னும் நேரம் இருக்குதுங்களா மிஸ்?"

"அவளுக்குப் போறும். சாயங்கால பேட்ச் போனப்புறம் தனியா ஒக்காத்தி வச்சுச் சொல்லித் தரேன். ஆனா அவகிட்ட என்னன்னு சொல்றது?"

நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று நிர்மலா சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வேண்டிய இடம் அதுதான். வாய் வரவில்லை.

மிஸ் எழுந்து பாயை மறுபடி விரித்தார். "சரி பிடி, விடுங்கோ. நானே சொல்லிக்கறேன். உங்கள இழுக்கல. ஆனா என்னிக்காவது நீங்களே சொல்லிடுங்கோ. அது என் வேலை இல்ல."

பிள்ளைகள் வந்தார்கள். அம்மாவை அங்கே பார்த்ததும் மோகனப்ரியா யாரோ செத்துப்போன மாதிரி வெளிறிப்போனாள். மிஸ் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். "மோகனா, தப்பு பண்ணிட்டேன்மா. உன்ன நான் சரியா எடை போடல. நாளையிலேர்ந்து டிரிக்னாமெட்ரி ஆரம்பிக்கறோம். உங்கம்மாதான் வந்து கேட்டாங்க."

எல்லாம் பாதி உண்மை. அந்தப் பெண் முதலில் மிஸ்ஸைப் பார்த்தது, பிறகு அம்மாவைப் பார்த்தது. அம்மாவைப் பார்த்த அந்தப் பார்வையில் இருந்த பெருமையை நிர்மலாவால் தாங்க முடியவில்லை. சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் அவள் கையைக் கோர்த்துக்கொண்டாள். பெரிய பெண்ணாகிப் பல காலமாக அவள் இப்படிக் கையைக் கோர்த்ததில்லை.

"மிஸ்கூடச் சண்டை போட்டியாம்மா?"

"சண்டையெல்லாம் இல்ல அம்முணி."

"பொய் சொல்றெ. சண்டை போடாம அவங்க தப்புன்னு ஒத்துக்குவாங்களா? நீதான் என்னய நம்புனெ." தோளில் தலையைச் சாய்த்தாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். பஸ்ஸில் கூட்டம், சத்தம், வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நிர்மலா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். வீட்டுக்குப் போனதும் அடுப்பு வேலை இருந்தது.

தனி வகுப்பு ஆரம்பித்தது. மகள் இருட்டில் தனியாக வர வேண்டாம் என்று நிர்மலா கேன்டீனிலிருந்து நேராக அங்கே போய் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பாள். மிஸ்ஸின் குரல் கேட்கும். முக்கோணம் சின்னதோ பெரியதோ, கோணம் ஒன்றாக இருந்தால் பக்கத்துக்குப் பக்கம் உள்ள விகிதம் மாறாது, அவ்வளவுதான் விஷயம், மற்றதெல்லாம் அதற்கு வைத்த பெயர் என்று மிஸ் முதல் நாளே சொன்னார். பென்சில் தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு மோகனப்ரியா, "இஷ்டேனா மிஸ்? இவ்வளவுதானா?" என்று கேட்டாள். அந்தக் குரலில் பழைய வாயாடி திரும்பி வந்திருந்தாள். படியில் உட்கார்ந்திருந்த தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் பாதி. இவ்வளவு லேசாக ஏறுகிறதைத்தானே எட்டு மாதம் மறைத்து வைத்தோம் என்பதில் மீதி.

அதற்கப்புறம் அந்தப் பெண்ணை அடக்க முடியவில்லை. மேட்டகள்ளி செல்போன் கோபுரத்தின் உயரம் என்ன, எதிர்வீட்டுத் தென்னையின் உயரம் என்ன, அதன் நிழல் எத்தனை மணிக்கு எவ்வளவு நீளும் என்று ஒரே கணக்கு. ரத்தினசாமி சாப்பிட உட்கார்ந்தால் தோசையை மடித்துக் காட்டி, "அப்பா, இது எதிர்ப்பக்கம், இது அடுத்த பக்கம், அத இதால வகுத்தா டேன்" என்பாள். அவர் டேனைச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டு தலையாட்டுவார்.

"உங்கம்மாளாலதான் உனக்கு இது. மறந்துபோடாதே" என்பார். டிரைவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டார். "என்ற ஊட்டுக்காரி கேன்டீன் சீலையோட நேராப் போயி, ஏன் என்ற பிள்ளைக்கு மட்டும் சொல்லிக் குடுக்கமாட்டீங்கறீங்கன்னு கேட்டுப்போட்டாளப்பா. அந்தம்மா மன்னிப்பே கேட்டுருச்சு." மனுசன் சொல்லச் சொல்ல அந்தச் சண்டை வளர்ந்துகொண்டே போயிற்று.

"ஏனுங்க, அப்பிடியெல்லாம் ஒண்ணும் நடக்கலீங்க" என்பாள் நிர்மலா.

"தன்னடக்கத்தப் பாரு" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருப்பூரிலிருந்து தருண்குமார் போன் பண்ணினான். வழக்கமாக அப்பாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறவன் அன்று அம்மாவைக் கேட்டான்.

"அம்மா, பாப்பாவுக்காக டியூஷன்ல போயிக் கேட்டியாமா. அப்பா சொன்னாரு."

"ம்."

"நல்லதும்மா." பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. "எனக்கும் அந்த வருசம் அப்பிடி ஒருத்தரு வந்து கேட்டிருந்தா நல்லாருந்திருக்கும். சரி உடு. சாப்டியா?"

"சாப்டேன் கண்ணு" என்றாள். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. மூத்தவனுக்கு வாய் திறக்காமல் இருந்து கெடுத்தோம், இளையவளுக்கு வாய் திறந்து கெடுத்தோம், நமக்கு எதற்கு வாய் என்று அன்று முழுவதும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் யாரிடமும் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும், இப்போது சொன்னால் பிள்ளை மனசு கலையும் என்று அடுத்த சமாதானம் தயாராக இருந்தது. குற்றமுள்ள மனசுக்குச் சமாதானம் கிடைக்காமல் போவதே இல்லை.

இதில் அடிபட்டவர் மிஸ்தான். மோகனப்ரியா அவரிடம் பாடம் கேட்டாளே தவிர முகம் கொடுக்கவில்லை. கேட்டதற்குப் பதில், போட்ட கணக்குக்கு விடை, அவ்வளவுதான். மிஸ் காபி கொடுத்தால் வேண்டாம். மழைத் தூறலில் குடை கொடுத்தால் வேண்டாம். படியிறங்கும்போது அம்மாவிடம் சொல்வாள். "இப்பக் கொஞ்சி என்ன பண்றது? எட்டு மாசம் என்னய முட்டாளுன்னு நெனச்சாங்கல்ல."

"அப்பிடிச் சொல்லாதே அம்முணி. குருவு அவிய."

"குருவாம். நீ போயிக் கேக்காட்டி எனக்கு டேனும் தெரியாது, காஸும் தெரியாது."

மாசி போய்ப் பங்குனி பிறந்து வெயில் ஏறியது. பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மிஸ் வீட்டில் வருடா வருடம் நடக்கிற பூஜை. அன்று ஒரு நாள்தான் காலை பேட்ச்சும் சாயங்கால பேட்ச்சும் ஒன்றாக உட்காரும். ஹால் டிக்கெட்டுகளை ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் அடுக்கி வைத்துப் பூப்போட்டு, பிறகு மிஸ் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நெற்றியில் குங்குமம் வைத்துப் பரீட்சை எழுத ஒரு பேனா கொடுப்பார். அன்னாசிப்பழக் கேசரி பாத் உண்டு. பெற்றவர்களும் வருவார்கள். மோகனப்ரியா வரமாட்டேன் என்றுதான் நின்றாள். டியூட்டியில் இருந்த ரத்தினசாமி போனில் ஒரு சத்தம் போட்ட பிறகு வந்தாள்.

மாடி முழுவதும் ஆள். சைத்ரா போய் வாங்கிக்கொண்டு வந்தாள். அடுத்து மிஸ், "மோகனப்ரியா" என்று கூப்பிட்டார். கூப்பிடும்போதே சிரித்தார். "இந்தப் பொண்ணு டிரிக்னாமெட்ரில இப்போ காலம்பற பேட்ச்சையே தூக்கிச் சாப்பிட்டுடுவா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

மோகனப்ரியா முன்னால் போனாள். குங்குமத்துக்கு நெற்றியைக் காட்டவில்லை. நீட்டிய பேனாவை வாங்கவில்லை.

"வேண்டாம் மிஸ். என்னால ஆகாதுன்னு சொன்னவங்க கையால வாங்கின பேனால நான் எழுத மாட்டேன்." அதைக் கன்னடத்தில் சொன்னாள், அங்கே இருக்கிற அத்தனை பேருக்கும் புரிய வேண்டும் என்று.

சலசலப்பு நின்றது. யாரோ ஒரு அம்மாள் உச்சுக்கொட்டினாள். மிஸ்ஸின் கை பேனாவோடு அப்படியே நின்றது. அந்த முகம் சிவந்து, கண் நிறைந்து, அதைச் சிரித்து மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. அப்போதும் அவர் நிர்மலாவின் பக்கம் திரும்பவில்லை. திரும்பிப் பார்த்திருந்தால் நிர்மலா தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாள். பார்க்காமல் இருந்ததுதான் அவளை இழுத்து முன்னால் விட்டது.

"அவிய சொல்லல, அம்முணி."

மகள் திரும்பினாள்.

"நாஞ்சொன்னது. மிஸ்சு உன்னயக் காலம்பற பேட்ச்லதான் போடறேன்னாங்க. நாந்தான் வேண்டாம்னேன். கஷ்டமானது காட்டாதீங்க, பிள்ள பயந்துக்கும்னு நாந்தான் சொன்னேன். கேட்டா நீங்க முடிவு பண்ணுனதாச் சொல்லுங்கன்னு சொன்னதும் நாந்தான். இவிய என்னயக் காட்டிக் குடுக்காம இத்தன நாளா உன்ற கோவத்தையெல்லாம் வாங்கிக்கிட்டாங்க." சொல்லி முடிக்கும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

தமிழ் தெரியாதவர்கள் தெரிந்தவர்களிடம் என்ன என்று கேட்டுக்கொண்டார்கள். மோகனப்ரியா மிஸ்ஸின் பக்கம் திரும்பினாள். குனிந்து மிஸ்ஸின் காலைத் தொட்டாள். நெற்றியைக் காட்டினாள். பேனாவை வாங்கிக்கொண்டாள். மிஸ் அவளை அணைத்துக்கொண்டு, "அழக்கூடாது, நாளைக்கு எழுதணும், அழக்கூடாது" என்று தானும் அழுதுகொண்டு சொன்னார். கேசரி பாத் தட்டை யாரோ நிர்மலாவின் கையில் கொடுத்தார்கள். அவள் அதை ஓரமாக வைத்துவிட்டு மகளின் செருப்பைத் தேடி எடுத்து நேராக வைத்தாள்.

பஸ் நிறுத்தம் வரைக்கும் இருவரும் பேசவில்லை. வெயில் சாய்ந்திருந்தது. ஓரத்துப் பொன்கொன்றை மரங்கள் பூத்துக் கொட்டிக் கிடந்தன. நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை.

"அடிச்சுக்கூடப் போடு கண்ணு" என்றாள் நிர்மலா. "பேசாம மட்டும் இருக்காதே."

"மிஸ் சொன்னதுன்னு நெனச்சப்போ மொதல்ல அழுதேம்மா. அப்புறம் ஒரு மாதிரி ஆத்திக்கிட்டேன். அவங்களுக்கு என்னயப் பத்தி என்ன தெரியும், நாலு கணக்கு போடச் சொல்லிப் பாத்தவங்கதானேன்னு." அவள் பேனாவின் மூடியைத் திறந்து மூடினாள். "உனக்கு என்னயப் பத்தி எல்லாம் தெரியுமேம்மா."

"மூள இல்லேன்னு சொல்லல அம்முணி. சத்தியமா. எனக்குப் பயமா இருந்துச்சு. உங்கண்ணன் போனப்ப அந்த ஏரிக்கரையில…"

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. அண்ணன் போனப்ப நானும் ஊட்லதான இருந்தேன்? நீ பயப்படாம இருக்கறேன்னு நெனச்சுத்தான் நான் பயப்படாம இருந்தேன்."

மகளின் தலையைத் தொட நிர்மலாவின் கை போயிற்று. தொடலாமா என்று தெரியாமல் திரும்பி வந்தது.

"சரி, அது போகட்டும்" என்றாள் மோகனப்ரியா. நேராகத் திரும்பி நின்றாள். "இப்பச் சொல்லு. என்ற மொகத்தப் பாத்துச் சொல்லு. நான் பாஸாயிருவேனா?"

ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய கேள்வி. மிஸ்ஸே ஊர் கேட்கச் சொல்லியாயிற்று, காலை பேட்ச்சையே தூக்கிச் சாப்பிடுவாள் என்று. படியில் உட்கார்ந்து நிர்மலாவே காதால் கேட்டிருக்கிறாள். பாஸாவாள் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் பாஸ் என்ற சொல்லைக் கேட்டதும் அந்த ஏரித் தண்ணீர் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அதை ஒதுக்கிவிட்டு வாயைத் திறக்க ஒரு மூச்சு நேரம் பிடித்தது.

"ஆயிருவெ கண்ணு. கட்டாயம் ஆயிருவெ" என்றாள்.

மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு மூச்சு நேரத்தையும் பார்த்துவிட்டாள்.

"இத்தன நேரம் யோசிச்சுச் சொல்றியேம்மா" என்றாள். கோபம் இல்லை, அழுகை இல்லை. பருப்புப் பிதுக்கிக்கொண்டே பேசுகிற மாதிரிதான் சொன்னாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அம்மா ஏறட்டும் என்று காத்திருக்காமல் அவள் முதலில் ஏறினாள்.